கணவாய் சொன்ன கதை!



கல்லூரிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பைப் பெறாதவன் நான். நாடகம் எழுதிப் பழகியவன். ஆகவே வரலாற்று ஏட்டைப் புரட்டினாலும், அது என் கண்ணுக்கு மேடையாகவே தோன்றும். இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது, கைகோத்துக் கொண்டாடிய இரண்டு கொடுங்கோலர்களின் கதை. ஒருவன் இத்தாலியின் முசோலினி. மற்றவன் ஜெர்மனியின் இட்லர். இவர்கள் நட்பை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக நிற்கும் பிரென்னர் கணவாய்தான் அது!

முதலில் ஆசான் யார், மாணவன் யார் என்று பார்ப்போம். 1922 அக்டோபரில் முசோலினியின் கூட்டம் ரோமாபுரி நோக்கிக் கிளம்பிற்று. மருண்ட மன்னன் ஆட்சியை அவன் கையில் கொடுத்தான். 1923 நவம்பரில் மியூனிச் நகரில் அதே கூத்தை ஆட முயன்ற இட்லர், தோற்றுச் சிறை சென்றான். அந்நாளில் இட்லருக்கு முசோலினி கண்கண்ட தெய்வம்! கையொப்பமிட்ட படம் ஒன்று கேட்டனுப்பினான். படம் வரவில்லை, மறுப்பு வந்தது. மனம் தளரவில்லை பக்தன். தன் கட்சி மாளிகையில் முசோலினியின் மார்பளவுச் சிலையை வைத்துக்கொண்டான்.

1933 ஜனவரியில் பக்தனும் பதவி பெற்றான். 1934 ஜூனில் வெனிஸ் நகரில் முதல் சந்திப்பு. முசோலினி பதக்கங்கள் மின்னும் படையுடையில், இட்லரோ மழைக்கோட்டில்! ஆசான் ஏளனமாகப் பார்த்தான். உடையை மறந்துவிடாதீர்கள் தோழர்களே, கடைசிக் காட்சியில் அது மீண்டும் வரும்.

அடுத்த மாதமே, ஜூலை 25ஆம் நாள், ஆஸ்திரியாவை ஆண்ட டால்பஸ் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் மக்களாட்சியை மதித்தவரல்லர். ஆனால் முசோலினிக்கு வேண்டியவர். அவர் மனைவியும் மக்களும் முசோலினியின் விருந்தாளிகளாக இத்தாலியக் கடற்கரையில் தங்கியிருந்த நேரம் அது! சீறினான் முசோலினி. பிரென்னர் கணவாய்க்குப் படையை அனுப்பினான். பின்வாங்கினான் இட்லர். 1934இல் அந்தக் கணவாயில் இத்தாலியப் படை வடக்கு நோக்கி, வீறாப்புடன் நின்றது!

பகைத்தவர்கள் நண்பர்களானது எப்படி? நல்லதைச் செய்து அல்ல. 1935இல் முசோலினி அபிசீனியாமீது பாய்ந்தான். நச்சுப் புகையைப் பொழிந்தான். சர்வதேச சங்கம் அவனுக்கு எதிராக வாணிபத் தடை விதித்தது. அச்சங்கத்தை விட்டு முன்பே வெளியேறிவிட்ட ஜெர்மனி, அத்தடையில் கலந்துகொள்ளவில்லை. 1936இல் ஸ்பெயின் நாட்டுக் குடியரசைக் குலைக்கக் கிளம்பிய பிராங்கோவுக்கு இருவரும் படை தந்தனர். பழி சேர்த்து வைத்த உறவு, தோழர்களே, பாசம் சேர்த்த உறவல்ல! அந்த ஆண்டு நவம்பரில்தான் ரோமையும் பெர்லினையும் இணைக்கும் 'அச்சு' பற்றி மிலான் நகரில் முழங்கினான் முசோலினி.

1937இல் ஜெர்மனி சென்றான். அணிவகுத்த படையையும் அனல் கக்கும் ஆலைகளையும் கண்டு மயங்கினான். திரும்பியவன், 1938இல் ஜெர்மானியப் படைநடையைத் தன் வீரர்களுக்குப் புகுத்தி, அதற்கு 'ரோமானிய நடை' என்று பெயரும் சூட்டினான்! அதே ஆண்டு யூதர்களை ஒடுக்கும் சட்டங்களையும் பிறப்பித்தான். ஆசான் மாணவனானான்!

1938 மார்ச் 11 இரவு. ஆஸ்திரியாவை விழுங்கப் போகும் இட்லர், ரோமிலிருக்கும் தன் தூதரின் தொலைபேசிச் செய்திக்காகத் துடிக்கிறான். முசோலினி தடுக்கமாட்டான் என்று செய்தி வருகிறது. இந்த உதவியை என்றும் மறவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான் இட்லர். மறுநாள் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவில் நுழைந்து, பிரென்னர் வாசல்வரை வந்து நின்றது. இத்தாலியின் துப்பாக்கி ஒன்றுகூட அசையவில்லை. மே மாதம் ரோமுக்கு விருந்துண்ண வந்த இட்லர், ஆல்ப்ஸ் எல்லை என்றென்றைக்கும் மீறப்படாது என்று வாக்களித்தான். வாக்கு... இட்லரின் வாக்கு!

1939 மே 22. 'எஃகு ஒப்பந்தம்' கையெழுத்தாகிறது. ஒருவன் போரில் இறங்கினால் மற்றவனும் முழுப் படையுடன் இறங்கவேண்டும். இத்தாலி ஆயத்தமாக இன்னும் சில ஆண்டு அமைதி தேவை என்றான் முசோலினி. நூறு நாள் கழிந்ததும் போலந்தில் பீரங்கி முழங்கிற்று! நண்பனைக் கலந்து செய்வது இட்லரின் பழக்கமன்று. செய்துவிட்டுக் கடிதம் எழுதுவதே பழக்கம். இவனும் சளைத்தவனல்லன். 1940 அக்டோபர் 28இல் இட்லர் பிளாரன்சு நகரில் வந்திறங்கிய அன்றே, கிரேக்க நாட்டின்மீது படையெடுப்பைத் தொடங்கினான். கிரேக்கர் அடித்து விரட்டினர். 1941 வசந்தத்தில் ஜெர்மானியப் படை வந்து மானத்தைக் காக்கவேண்டியதாயிற்று.

ஏன் இந்த அழிவு? வேண்டாம் என்று சொல்ல ஒருவன் இல்லையா? பாசிசக் கட்சிக்குப் 'பேரவை' என்று ஒன்று இருந்தது. 1939 டிசம்பருக்குப் பிறகு அதை முசோலினி கூட்டவேயில்லை! 1940 ஜூன் 10இல் போர் அறிவித்தபோதும் கூட்டவில்லை. மருமகன் சியானோ அயல்நாட்டு அமைச்சன். அச்சத்தையும் ஐயத்தையும் நாட்குறிப்பில் எழுதினான், ஆனால் பதவியைத் துறக்கத் துணியவில்லை. கூடா நட்புக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இடித்துரைப்பாரை இழந்த மன்னனின் கேட்டையும் சொல்லாமல் விடவில்லை.

நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பிறகு, 1943 ஜூலை 24 இரவு கூடிற்று பேரவை. எதிராக விழுந்தன 19 வாக்குகள். மறுநாள் மன்னன் அவனைச் சிறைப்படுத்தினான். செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. முசோலினியை இட்லரின் வீரர்கள் மலையுச்சியிலிருந்து மீட்டனர்.

நட்பு என்பீர்கள். விலையைக் கேளுங்கள்! பிரென்னரை அடுத்த போல்சானோ, திரெந்தோ, பெல்லுனோ மாவட்டங்களை இட்லர் தன் அதிகாரிகளின் ஆட்சியில் வைத்தான். என்றென்றைக்கும் என்ற வாக்கின் ஆயுள் ஐந்தாண்டு! 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியப் போர்வீரர்கள் ஜெர்மானிய முகாம்களில் கொத்தடிமைகளாயினர். அவர்களில் பலரைச் சுமந்த சரக்கு ரயில்கள் அந்தக் கணவாயைக் கடந்தே சென்றன. பேரவையில் எதிராக வாக்களித்த மருமகன் சியானோ, 1944 ஜனவரியில் வெரோனாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். மகள் எட்டா மன்றாடியும் மாமன் காக்கவில்லை.

கடைசிக் காட்சி. 1945 ஏப்ரல் 27. கோமோ ஏரிக்கரைச் சாலையில் ஜெர்மானியப் படை வண்டிகளை மறித்துச் சோதிக்கின்றனர் இத்தாலிய விடுதலை வீரர்கள். ஒரு வண்டியின் மூலையில் சுருண்டிருக்கிறான் முசோலினி. வெனிஸ் நகரில் பதக்கம் மின்ன நின்றவன் உடலில், இப்போது ஜெர்மானியச் சிப்பாயின் மேலங்கி. தலையில் ஜெர்மானிய இரும்புத் தொப்பி! மறுநாள் சுடப்பட்டான், 29ஆம் நாள் மிலான் நகரச் சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கிற்று உடல். 30ஆம் நாள் பெர்லின் பாதாள அறையில் தற்கொலை செய்துகொண்டான் இட்லர்.

தோழர்களே! வீட்டிலே கேள்வி கேட்பவனை ஒடுக்குகிறவனுக்கு, வெளியிலே நண்பன் கிடைக்கமாட்டான். எசமானனோ ஏவலாளோதான் கிடைப்பான். கூட்டிய அவையில் எழுந்து நின்று 'இது தவறு' என்று சொல்லும் எளிய தொண்டன் ஒருவன், ஆயிரம் எஃகு ஒப்பந்தங்களைவிட வலிய அரண். அந்த அரண் இத்தாலியில் இல்லை. ஆகவே இருந்த கணவாயும் பறிபோயிற்று. நீங்கள் அமர்ந்திருக்கும் அவை எதுவாயினும், அந்தத் தொண்டனாக இருங்கள். அவன் எழுந்து நின்றால் அமர்த்தாதீர்கள்!