பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எண்ணும் பறவைகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியும் குளமும் நிரம்பிக் கிடக்கும் தை மாதத் தொடக்கம் தமிழ்நாட்டில் பறவை பார்க்கத் தோதான காலம். வடக்கேயிருந்து வர வேண்டிய பறவைகள் வந்து இடம்பிடித்துவிட்டிருக்கும். திரும்பிப் போக இன்னும் நாள் இருக்கும். இந்த நேரத்தில்தான், 2015 முதல் ஆண்டுதோறும், பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடந்துவருகிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் நின்றுகொண்டு காக்கை பன்னிரண்டு, மைனா நான்கு, மின்கம்பியில் தகைவிலான் முப்பது என்று எழுதி அனுப்புவதில் அப்படியென்ன கலை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கலை இருப்பது முழுமையில். பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், பட்டியலில் இல்லாத பறவையும் தகவலாகிவிடுகிறது. ஓர் ஏரியில் போன பொங்கல்வரை தவறாமல் எழுதப்பட்ட நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இந்தப் பொங்கலில் எவர் பட்டியலிலும் இல்லையென்றால், அவை வரவில்லையோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. அபூர்வப் பறவையை மட்டும் படமெடுத்துப் பெருமையாகப் பகிர்கிறவர்களிடமிருந்து இந்தத் தகவல் ஒருநாளும் கிடைக்காது. காக்கையைச் சலிக்காமல் எழுதுகிறவர்தான் இதில் கெட்டிக்காரர்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் வழி உண்டு. அறுவடை முடிந்த ஈர வயலில் காலடியில் இருப்பதே தெரியாமல் பதுங்கியிருந்து, சட்டென்று எழும்பிக் கோணல்மாணலாகப் பறக்கும் உள்ளானை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் இங்கே வருபவற்றில் கோரை உள்ளானும் ஊசிவால் உள்ளானும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஊசிவால் உள்ளானின் வாலோரச் சிறகுகள் ஊசிபோல் மெலிந்தவை. ஆனால் வாலை விரித்தால்தானே அது தெரியும்! கோரை உள்ளான் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். அதைப் பார்க்கக் கிடைப்பதோ ஓரிரு விநாடிகள். இப்படிப்பட்ட சமயத்தில் அனுபவசாலிகள் ‘இரண்டில் ஒன்று’ என்று பதிந்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். பல்லாண்டு பழகியவரின் பட்டியலிலும் இந்த இரண்டுங்கெட்டான் பதிவைப் பார்க்கலாம். அதைப் பார்த்தால் மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை கூடுகிறது.

வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ வந்தால் தளம் அதைத் தனியே எடுத்து நிறுத்தும். ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள் சரிபார்த்து, படம் உண்டா, குரல் கேட்டதா, என்ன அடையாளம் கண்டீர்கள் என்று விசாரிப்பார்கள். புதிதாக வந்தவர்களில் சிலருக்கு இது சுருக்கென்று தைக்கும். ஆனால் இந்தக் கேள்விகளில்தான் பலர் கண்ணைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த பதிவுகள் எங்கே போகின்றன? ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தகவல் இருந்தவை 338 இனங்கள். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. சிட்டுக்குருவி அழிந்துகொண்டே வருகிறது என்று டீக்கடை தொடங்கி மேடைவரை பேசப்படுகிறது அல்லவா? பெருநகரங்களில் அது குறைந்தது உண்மை, நாடு முழுவதும் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று 2020ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. ‘சாதாரணப்’ பறவையையும் யாரோ எழுதிவைத்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

குறையும் உண்டு. ஆறுமணிக்குருவி என்ற அழகுப் பறவை குளிர்காலத்தில் தெற்கே வந்து தோட்டங்களில் சருகைக் கிளறி இரை தேடும். அது இருக்கும் இடம் பரவியதும் பெரிய லென்ஸ்களோடு கூட்டம் கூடுவதும், வெளியே வரவழைக்கச் செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவதும் நடக்கின்றன. நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு இது தேவையில்லாத தொல்லை. எந்தத் தகவலை எப்போது வெளியில் சொல்வது என்பதும் இந்தப் பழக்கத்தில் தேற வேண்டிய பாடம்தான். அதில் பலர் இன்னும் தேறவில்லை.

இன்னொரு குறை, பதிவுகள் சில இடங்களிலேயே குவிவது. பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் ஆள் குறைவில்லை. பேருந்து நிற்காத ஊரின் கண்மாய்க்கு யார் போவார்கள்? பொங்கல் கணக்கெடுப்பின் சாமர்த்தியம் இங்கேதான். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் பையில் பைனாகுலரும் போகிறது. கொல்லைப்புறம், களத்துமேடு, ஊருணி என்று ஆண்டு முழுதும் யாரும் எட்டிப்பார்க்காத இடங்களிலிருந்து அந்த நான்கு நாட்களில் பட்டியல் வருகிறது. வேலியில் கடகடவென்று கத்தும் பழுப்புக் கீச்சான் வந்த வேலிக்கே அடுத்த குளிர்காலத்திலும் வரக்கூடியது. எண்ணியவரோ விடுமுறை முடிந்ததும் சென்னைக்கோ கோவைக்கோ பேருந்து ஏறிவிடுகிறார். மாசியில் அந்தக் கீச்சான் என்ன ஆனது என்று எழுத, ஊரிலேயே இருக்கும் ஒருவர் கையில் பைனாகுலர் வேண்டும்.