எண்ணாயிரம் கோவில்: கதையும் கணக்கும்



இந்த விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோவில் என்னும் சோழர் காலத்துக் கற்கோவில் ஒன்று உண்டு. அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் கதை சொல்லுவார்கள். கோவில் சுவரில் வெட்டியிருப்பதைப் படித்தாலோ கணக்குக் கிடைக்கும். இவ்விரண்டையும் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் கதையைப் பார்ப்போம். மதுரையில் திருஞானசம்பந்தரோடு வாதம் செய்து தோற்றுக் கழுவேறிய எண்ணாயிரம் சமணர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, எண்ணாயிரம் பார்ப்பனக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் என்கிறார்கள் மற்றொரு சாரார். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்காரர். கழுவேற்றத்தை விரித்துப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரோ 12-ஆம் நூற்றாண்டுக்காரர். நடுவே சுமார் 500 வருஷம்! அவர் சொல்லுவதும் எட்டுப் பெருங்குன்றத்துச் சமணர்களைப் பற்றித்தானே ஒழிய இந்த ஊர்க்காரர்களைப் பற்றி அல்ல.

இந்தப் பக்கத்தில் சமணர் வாழ்ந்தது உண்மை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. கழுவேற்றியது பொய் என்றால் அந்தப் பொய்யைப் புண்ணியக் கதையாக ஏன் சொல்ல வேண்டும்? மெய் என்றால் எண்ணாயிரம் பேரைக் கொன்றதற்கு ஆண்டவன் அருள் என்று பெயர் வைப்பது என்ன பக்தி?

இனிக் கணக்குக்கு வருவோம். முதலாம் இராஜேந்திர சோழன் (1012-1044) காலத்துக் கல்வெட்டு அந்தக் கோவிலில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கல்விச் சாலை நடந்தது. மாணவர்கள் 340 பேர். உபாத்தியாயர்கள் 14 பேர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், வியாகரணத்துக்கு 25 பேர், பிரபாகர மீமாம்சைக்கு 35 பேர், வேதாந்தத்துக்கு 10 பேர் என்று பிரித்துப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தினம் இவ்வளவு நெல் என்று அளவும் உண்டு. இதற்காக விட்ட நிலம் 45 வேலி. அதாவது சுமார் 300 ஏக்கர்.

தோழர்களே! படிக்க வந்த பிள்ளைக்குச் சோறும் போட்டுப் படிப்பும் கொடுத்தது நல்ல ஏற்பாடு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோறு யாருக்கு? வேதம் ஓத உரிமை பெற்ற ஒரு ஜாதிப் பிள்ளைகளுக்கு மாத்திரம்தானே! அந்த 45 வேலியை உழுதவன் மகனுக்கு அதில் ஒரு இடமாவது உண்டா? கோவிலுக்குக் கல் சுமந்தவன் மகனுக்கு உண்டா? அந்த 340 பேருடைய பாடத்தில் தமிழுக்காவது இடமுண்டா? இல்லவே இல்லை.

"அந்தக் காலம் அப்படி, இப்போது ஏன் அந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்பார்கள். இப்போதைய காலம் எப்படி என்று பார்ப்போமே! சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவுக்குச் சட்டம் வந்தது 1947-ல். அதற்கு 76 வருஷம் கழித்து, 2023-ல், இதே விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலில் தாழ்த்தப்பட்டவர்கள் நுழையக்கூடாது என்று தகராறு வந்து, அதிகாரிகள் கோவிலையே பூட்டி முத்திரை வைக்கும்படி ஆயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்விச் சாலைக் கதவு. இன்று கோவில் கதவு. கதவுதான் வேறே தவிர, "நீ வெளியே நில்" என்கிற வார்த்தை ஒன்றுதான்.

ஆகையால், உங்கள் ஊர்க் கோவிலைப் பற்றி யாராவது கதை சொன்னால், "சுவரில் என்ன எழுதியிருக்கிறது? நிலம் யார் உழுதது? நெல் யாருக்குப் போயிற்று?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கொஞ்சம் மானம் இருந்தால் போதும். உங்கள் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். இன்று அரசாங்கப் பள்ளிக்கூடத்துக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அது தானாகத் திறந்ததல்ல. பலர் முட்டித் திறந்தது. அதை மறுபடியும் யாரும் சாத்தாமல் பார்த்துக் கொள்ளுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.