வெட்டும் முன்பே அளக்கப்படும் காடு

ஸ்வீடன் நாட்டு நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காடு. ஸ்புரூஸ், பைன் ஆகிய ஊசியிலை மரங்களே அதில் பெரும்பகுதி. நட்ட கன்று முதிர்ந்து அறுவை ஆலைக்குப் போகத் தெற்கே 60, 70 ஆண்டுகளும் வடக்கே 100 ஆண்டுகளுக்கு மேலும் ஆகின்றன. நட்டவர் பெரும்பாலும் அறுவடையைப் பார்ப்பதில்லை. வனத் திட்டமிடலில் கணக்குக்கு இத்தனை மதிப்பு வந்தது இதனால்தான். எந்த வயதில் மரத்தை வெட்டினால் நிலத்துக்கு நல்ல பலன் என்ற கேள்விக்கு, ஜெர்மானியரான மார்ட்டின் ஃபவுஸ்ட்மன் 1849-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது.

கணக்குக்குத் தரவு வேண்டும். ஸ்வீடனின் தேசிய வனக் கணக்கெடுப்பு 1923-இல் தொடங்கியது. நாடெங்கும் 10 மீட்டர் ஆரமுள்ள நிரந்தர அளவை வட்டங்கள் உண்டு. ஊழியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே திரும்பிச் சென்று அடிமரங்களின் விட்டத்தை மார்பளவு உயரத்தில் அளக்கிறார்கள். 2009 முதல் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி நாடு முழுவதும் அளக்கப்பட்டது. எதிரொளி திரும்பும் நேரத்தைக் கொண்டு தரை எங்கே, மரத்தின் உச்சி எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அங்கே எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது என்பதை லேசர் நேராகச் சொல்லாது. அளவை வட்டங்களில் கையால் எடுத்த அளவுகளோடு பொருத்திப் பார்த்த பிறகே லேசர் தரும் புள்ளிகளுக்குப் பொருள் கிடைக்கிறது. லேசர் வந்துவிட்டதால் களப்பணி தேவையில்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

இந்தத் தரவைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கும் மென்பொருள் ஹெயுரேக்கா. ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் எப்போது இடையிலுள்ள மரங்களைக் களைவது, எப்போது வெட்டுவது, வெட்டாமலே விடுவதா என்று பல வழிகளை அது ஐந்தைந்து ஆண்டுகளாக வளர்த்துப் பார்க்கிறது; பிறகு மொத்தக் காட்டுக்கும் பொருந்தும் வழிகளின் தொகுப்பைத் தேர்கிறது. பறவைகளுக்காக முதுமரங்களை விட்டுவைத்தால் வருமானம் எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே பார்த்து முடிவெடுக்க முடிவது இதன் பெரும் பயன். ஆயினும் எந்த மாடலும் நாளைக் குறித்துப் புயலைச் சொல்வதில்லை. 2005 ஜனவரியில் குட்ருன் புயல் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவுக்கு நிகர் அது. 2018 வறட்சிக்குப் பின் பட்டை வண்டுகள் ஸ்புரூஸ் காடுகளை அழித்தபோதும் பல திட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன.

வெட்டும் இடத்தில் கணினி இருப்பது ஹார்வெஸ்டர் இயந்திரத்துக்குள். அதன் இரும்புக்கை மரத்தின் அடியைப் பற்றி அறுத்துச் சாய்க்கிறது. உருளைகள் தண்டை இழுக்க, கத்திகள் கிளைகளைச் சீவுகின்றன. பல் சக்கரம் நீளத்தையும், கத்திகள் விரியும் அளவு விட்டத்தையும் சொல்கின்றன. முதல் சில மீட்டர் கடந்ததுமே, இன்னும் இழுபடாத மேல்தண்டு எப்படிச் சிறுத்துப் போகும் என்று கணினி கணித்துவிடுகிறது. ஆலை அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்து எந்த இடத்தில் துண்டாக்கினால் நல்ல பலகை கிடைக்கும் என்று தீர்மானிக்கிறது. மெல்லிய நுனி காகிதக்கூழுக்கு. ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. சில மரங்களை இயந்திரமே குலுக்கலாகத் தேர்ந்து நிறுத்தும். ஓட்டுநர் இறங்கி, மின்னணுக் கவையளவியால் அந்தத் துண்டுகளை மீண்டும் அளந்து ஒப்பிடுகிறார். இந்தச் சரிபார்ப்பு தவறினால் ஆலைக்குப் போகும் கணக்கும் தவறும்.

பல டன் எடையுள்ள இந்த வண்டிகள் ஈரநிலத்தில் ஏறினால் ஆழமான தடம் விழும். சேறு ஓடைக்குப் போகும். லேசர் தந்த தரை உயரத்திலிருந்து மண்ணின் ஈரத்தைக் கணித்து வரைந்த படம் இப்போது ஓட்டுநரின் திரையிலேயே தெரிகிறது. ஈரம் உள்ள இடத்தைச் சுற்றிப் போகிறார். தவிர்க்க முடியாத இடத்தில் சீவிய கிளைகளைப் பரப்பி அதன்மேல் ஓட்டுகிறார். மழைக்காலத்தில் படம் காட்டாத இடத்திலும் நீர் தேங்குவதுண்டு. அதைப் பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டியவர் களத்தில் நிற்கும் வனவியலாளர்தான். இன்று வனவியலில் பட்டம் பெறுவோர் வேலையில் சேர்ந்ததும், திரையைத் திறக்கும் முன் ஓர் அளவை வட்டத்தையாவது தம் கையால் முழுதாக அளந்து பார்க்கட்டும்.