எண் பேசுகிறதா, வினா பேசுகிறதா?

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் எண்ணைப் பற்றிப் பேசவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன். அவ்வெண் 72. 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அமெரிக்கப் படை ஈராக்கின்மீது பாய்ந்தது. அடுத்த இரண்டு மூன்று நாள்களிலேயே காலப்பு நிறுவனம் அமெரிக்க மக்களிடம் கருத்துக் கேட்டது. நூற்றுக்கு 72 பேர் போரை ஏற்பதாகக் கூறினர். 25 பேர் மறுத்தனர். 'மக்கள் எம் பக்கம்' என்று போரை நடத்தியோர் முழங்குவதற்கு அந்த ஓர் எண்ணே போதுமானதாயிற்று. மக்கள் பக்கம் இருக்கிறார்கள் என்றால் பிறகு யார் வாய் திறப்பார்? மறுத்துப் பேசுவோன் மக்களுக்கே பகைவன் என்றன்றோ ஆகிவிடும்?

எனவே, போர் பற்றிய கருத்துக் கணிப்பு ஒன்று நம் கைக்கு வரும்பொழுது அதனை எப்படிப் படிப்பது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவனுக்கு எண் ஆணையிடும். அறிந்தவனுக்கோ அது விடை சொல்லும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. பல்லாயிரம் உயிர்கள் அத் தொலைவில் கிடக்கின்றன.

யாரைக் கேட்டார்கள்?

முதலில் எழும் ஐயம் இது: கோடிக்கணக்கான மக்களின் கருத்தை ஆயிரம் பேரைக் கேட்டு அறிய முடியுமா? முடியும் என்பதே உண்மை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம் தாய்மார்கள் என்றோ அறிவர். ஆனால், பானையை அடியொடு துழாவிவிட்டு எடுத்த சோறே பதம் காட்டும்; மேலாக எடுத்த சோறு ஏய்த்துவிடும்.

1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் இலிட்டரரி டைசெசுட்டு என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கருத்துச் சீட்டு விடுத்தது. 23 நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். இலாண்டன் 57 விழுக்காடு பெற்று வெல்வார் என்றது அவ்விதழ். வென்றவரோ உரூசுவெல்ட்டு, அவர் பெற்றது ஏறத்தாழ 61 விழுக்காடு! தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்து வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்தே அவ்விதழ் பெரும்பாலும் ஆள் எடுத்தது. சீட்டைத் திருப்பி விடுத்தோரும் ஒரு சாராராகவே அமைந்துவிட்டனர். அதனினும் மிகச் சிறிய கூட்டத்தைப் பரவலாகக் கேட்ட காலப்பு நிறுவனமோ வெல்வோர் யாரென்று சரியாகவே கூறிற்று. ஆகவே, எத்துணைப் பேரைக் கேட்டார்கள் என்பதினும் எவரெவரைக் கேட்டார்கள் என்பதே பெரிது.

இன்று முறையாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால் ஏறத்தாழ மூன்று விழுக்காடு கூடவோ குறையவோ பிழை நேரலாம் என்பது கணக்கியல். செய்தித்தாள்கள் இந்த மூன்றை மட்டும் ஒரு மூலையில் அச்சிட்டுவிட்டுத் தம் கடன் முடிந்ததாகக் கருதுகின்றன. ஆனால், பெரும்பிழை அங்கே இல்லை, அன்பர்களே! அது வினாவிலே இருக்கிறது.

என்ன கேட்டார்கள்?

அதே 2003ஆம் ஆண்டு சனவரித் திங்களில், போர் தொடங்குமுன், பியூ ஆய்வு நடுவம் அமெரிக்க மக்களிடம் ஒரு வினாவை எழுப்பியது. சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஈராக்கில் படை நடவடிக்கை எடுப்பதை ஏற்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்பது வினா. 68 விழுக்காட்டினர் ஏற்றனர். 25 விழுக்காட்டினர் எதிர்த்தனர்.

அதே வினாவோடு ஒரு தொடரைச் சேர்த்தும் கேட்டார்கள்: அமெரிக்கப் படையில் ஆயிரக்கணக்கானோர் சாவோ காயமோ அடைய நேரினும் ஏற்கிறீர்களா? இப்பொழுது ஏற்றவர் 43 விழுக்காட்டினர். எதிர்த்தவர் 48 விழுக்காட்டினர்!

நாடு அதே நாடு; மக்கள் அதே மக்கள். ஒரு தொடர் நுழைந்தவுடன் 25 விழுக்காட்டு ஒப்புதல் உதிர்ந்து, பெரும்பான்மை சிறுபான்மையாயிற்று. இவ்விரு விடைகளுள் எது மக்கள் கருத்து? எது பொய்? இரண்டும் உண்மையே! 'கொடியவன் ஆட்சி ஒழிய வேண்டுமா?' என்றால் மாந்தன் 'ஆம்' என்கிறான். 'அதற்கு உன் மகனைத் தருவாயா?' என்றால் நின்று எண்ணுகிறான். முதல் வினா விருப்பத்தைக் கேட்டது. இரண்டாவது வினா விலையைச் சொல்லிக் கேட்டது. கடைத்தெருவில் விலை கூறாமல் 'வேண்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யார்?

அவ்விலை பின்னர்க் கொடுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு இறுதியில் படை வெளியேறுவதற்குள் அமெரிக்கப் படைஞர் ஏறத்தாழ 4,500 பேர் மாண்டனர். நடந்தது இரண்டாவது வினாவில் சொல்லப்பட்ட போரே. முதல் வினாவில் கேட்கப்பட்ட போரன்று. மேலும் ஒன்று பாருங்கள். அவ்விரு வினாக்களிலும் ஈராக்கியரின் உயிரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாண்ட ஈராக்கியப் பொதுமக்களோ நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர். கேட்கப்படாத வினாவிற்கு எந்த விழுக்காடும் இல்லை.

சொல்லின் ஆற்றலை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லை மாற்றினால் எண்ணமே மாறும் என்பதை நாளும் கண்டு வருபவர்கள் நாம். 'போர்' என்பது ஒன்று. 'படை நடவடிக்கை' என்பது வேறொன்று. முன்னது குருதி மணக்கும்; பின்னது அலுவலக மை மணக்கும். எனவே, எண்ணைப் படிக்குமுன் வினாவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். வினாவை அச்சிடாமல் எண்ணை மட்டும் அச்சிடும் இதழை நம்பாதீர்கள்.

எதை நம்பி விடை சொன்னார்கள்?

விடை கூறுவோன் தான் அறிந்ததைக் கொண்டே கூறுகிறான். அவன் அறிந்தது பொய்யாயின்? 2003 ஆகத்துத் திங்களில் வாசிங்டன் போசுட்டு நாளிதழ் நடத்திய கணிப்பில், 2001 செப்தம்பர் 11ஆம் நாள் தாக்குதலில் சதாம் உசேனுக்குத் தொடர்பு இருந்திருக்கக் கூடும் என்று 69 விழுக்காட்டினர் நம்பியது தெரிந்தது. அத்தகைய தொடர்புக்குச் சான்றே இல்லை.

அவ்வாண்டு அகுதோபரில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஈராக்குக்கும் அல்கைதாவுக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டது, பேரழிவுப் படைக்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன, உலக மக்கள் பெரும்பாலோர் இப் போரை வரவேற்றனர் என்னும் மூன்று தவறான நம்பிக்கைகளை வைத்து அவர்கள் ஆய்ந்தனர். மூன்றையும் நம்பியோருள் 86 விழுக்காட்டினர் போரை ஏற்றனர். இரண்டை நம்பியோருள் 78. ஒன்றை நம்பியோருள் 53. ஒன்றையும் நம்பாதவருள் ஏற்றவர் 23 விழுக்காட்டினரே!

படிப்படியாக இறங்கும் இவ்வெண்களை உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முன்பே போரை விரும்பியவர்கள் தமக்கேற்ற பொய்யை எளிதில் நம்பியிருக்கவும் கூடும், அதனை மறுப்பதற்கில்லை. எனினும், பொய் கலந்த நீரைப் பருகக் கொடுத்துவிட்டு, 'பார், மக்கள் மயங்கி ஆடுகிறார்கள். எனவே மயக்கமே மக்கள் விருப்பம்' என்று கூறுவது எவ்வகை முறைமை?

எப்பொழுது கேட்டார்கள்?

நாடு தாக்கப்பட்டதென்ற செய்தி வந்தவுடன் மக்கள் தலைவனைச் சுற்றித் திரள்வது இயல்பு. 2001 செப்தம்பர்த் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் புசுவின் செயலை ஏற்றவர் 51 விழுக்காட்டினர். தாக்குதலுக்குப் பின் அதே திங்களில் அது 90 ஆயிற்று! இரண்டே கிழமைகளில் அவர் திறன் அவ்வளவு வளர்ந்துவிட்டதா? இல்லை, அச்சம் வளர்ந்தது. அச்சத்தின் உச்சியில் எடுத்த அளவை ஆண்டு முழுமைக்கும் பொருத்தலாகாது.

வியத்நாம் போரின் கதையும் அதுவே. 1964 ஆகத்துத் திங்களில் தொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையும் தாக்கப்பட்டதாகச் செய்தி பரவிற்று. அமெரிக்கப் பேராயத்தின் கீழவை 416க்கு 0 என்றும், மேலவை 88க்கு 2 என்றும் குடியரசுத் தலைவர் சான்சனுக்குப் படை செலுத்தும் உரிமையைத் தந்தன. அவ்விரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வியத்நாமுக்குப் படை விடுத்தது தவறா என்று காலப்பு நிறுவனம் ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்டது. 1965 ஆகத்தில் தவறு என்றவர் 24 விழுக்காட்டினர். 1971 மே திங்களில் 61 விழுக்காட்டினர். ஈராக்குப் போர் தவறு என்றவரும் 2003 மார்ச்சில் 23 விழுக்காட்டினரே. 2008 ஏப்பிரலில் அவர்கள் 63 விழுக்காட்டினர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பிரித்தானியாவில் யூகவ் நிறுவனம் 2003இல் எடுத்த கணிப்புகளில், ஈராக்குப் போர் சரியே என்றவர்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். 2015இல் அதே நிறுவனம், 'அன்று நீங்கள் என்ன கருதினீர்கள்?' என்று வினவியது. சரியெனக் கருதியதாக ஒப்பியவர் 37 விழுக்காட்டினரே! எஞ்சியோர் எங்கே போயினர்? அவர்கள் பொய்யர்கள் என்று நான் கூறமாட்டேன். தோற்ற கருத்தை மாந்தனின் நினைவு தானே துடைத்துவிடுகிறது.

எந்நிலையில் விடை சொன்னார்கள்?

அச்சமின்றிப் பேசும் நாட்டின் எண்ணும், வாய் திறந்தால் சிறை என்னும் நாட்டின் எண்ணும் ஒன்றாகா. 2022 பிப்பிரவரி 24இல் உருசியா உக்கிரைன்மீது பெரும்படை செலுத்தியது. அதனைப் போர் என்று கூறாமல் 'தனிப்பட்ட படை நடவடிக்கை' என்றே கூற வேண்டுமாயிற்று. மார்ச்சு 4இல் வந்த சட்டம், படையைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' பரப்புவோர்க்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை என்றது. அத் திங்களில் இலெவாடா நடுவம் எடுத்த கணிப்பில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் தம் படையின் செயலை ஏற்பதாகக் கூறினர்.

அடுத்த திங்களில் வேறிரு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். சில கூற்றுகளைப் பட்டியலாகக் கொடுத்து, 'எவற்றை ஏற்கிறீர்கள் என்று சொல்ல வேண்டா. எத்தனையை ஏற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்' என்றனர். ஒரு பகுதியினரின் பட்டியலில் மட்டும் போர் பற்றிய கூற்றைச் சேர்த்தனர். இரு பகுதியினரின் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாடே மறைவான ஒப்புதல். நேராகக் கேட்டபொழுது 68 விழுக்காடாக இருந்த ஒப்புதல், இவ்வாறு கேட்டபொழுது 53 ஆக இறங்கிற்று. அச்சம் விழுங்கிய பதினைந்து அது! ஆனால், எஞ்சிய 53ஐயும் நாம் மறைத்தல் ஆகாது. நாம் விரும்பும் அளவுக்கு அவ்வெண் சரியவில்லை என்பதும் உண்மையே.

நமக்கும் ஓர் எச்சரிக்கை

இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். நமக்குப் பிடிக்காத எண் வந்தால் வினாவைத் துருவுவதும், பிடித்த எண் வந்தால் மேடையேற்றிக் கைதட்டுவதும் நேர்மையாகா. 2003இல் இசுபெயின் நாட்டில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் போரை எதிர்த்தனர்; ஆயினும் அந்நாட்டு அரசு போரின் பக்கமே நின்றது. துருக்கியிலும் மக்கள் பெரிதும் எதிர்த்தனர். அங்கே 2003 மார்ச்சு முதல் நாள், அமெரிக்கப் படைக்கு இடந்தரும் தீர்மானத்திற்கு 264 பேர் இசைந்தும், 250 பேர் மறுத்தும், 19 பேர் ஒதுங்கியும் நின்றதால் வேண்டிய பெரும்பான்மை கிட்டாமல் அது வீழ்ந்தது. எண் தானாக எந்தப் போரையும் நிறுத்துவதுமில்லை, தொடங்குவதுமில்லை. அதனை எடுத்து ஆள்வோர் கையிலேயே அனைத்தும் இருக்கிறது.

கருத்துக் கணிப்பே வேண்டா என்பதும் என் கருத்தன்று. ஒரே வினாவை ஆண்டுதோறும் கேட்டதனாலன்றோ வியத்நாமில் மக்கள் உள்ளம் திரும்பியதை உலகம் அறிந்தது? கணிப்பு இல்லையேல், 'மக்கள் என் பக்கம்' என்று ஆள்வோன் கூறுவதே மக்கள் கருத்தாகிவிடும். அளவுகோல் தீயதன்று, அளப்பவனைப் பார்க்க வேண்டும்.

உடன்பிறப்புகளே! அடுத்த முறை 'மக்கள் போரை விரும்புகின்றனர்' என்று ஒரு தலைப்பு உங்கள் கண்ணில் படும்பொழுது, யாரைக் கேட்டனர், என்ன சொற்களால் கேட்டனர், விலையைச் சொன்னார்களா, எதை நம்பி விடை சொன்னார்கள், அச்சமின்றிச் சொன்னார்களா என்று இவ்வைந்தையும் கேளுங்கள். விடை கிடைக்குமட்டும் அந்த எண்ணுக்குத் தலைவணங்காதீர்கள்.

போர்க்களத்தில் சாவோன் விழுக்காடாகச் சாவதில்லை. ஒரு தாயின் மகனாகவே சாகின்றான். அவனை அனுப்புமுன் கேட்கும் வினாவாவது நேர்மையான வினாவாக இருக்கட்டும்.