என்ன செய்யும் என்பதோடு, எப்படிச் செய்யும் என்றும் கேளுங்கள்

ஒரு செயலியோ தொழிற்சாலையோ வடிவமைக்கும்போது பொறியாளர்கள் இரண்டு பட்டியல் எழுதுவார்கள். அது என்ன வேலை செய்யணும் என்பது முதல் பட்டியல். அந்த வேலையை எவ்வளவு வேகமா, நம்பகமா, பாதுகாப்பா செய்யணும் என்பது இரண்டாவது. இரண்டாவதுக்கு 'நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்ஸ்' என்று பெயர். தமிழில் செயல்சாராத் தேவைகள். பேரைக் கேட்டா ஏதோ உபரிச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். எண்ணூர்க்காரங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.

2023 டிசம்பர் 26, இரவு 11.45 மணி. பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சாதாரண அழுத்தத்தில் அமோனியா சுமார் மைனஸ் 33 டிகிரியில்தான் திரவமாக நிற்கும் என்பதால், சரக்கு இறக்கும் முன் குழாயைக் குளிர்விப்பார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் இது. நெடி தாங்காம மக்கள் பாதித் தூக்கத்தில எழுந்து ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதி 400 தான்.

கப்பலில் இருப்பதைக் கரைக்குக் கொண்டுவருவது முதல் பட்டியல் வேலை. சிக்கல் இரண்டாவதில். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கடலைப் புரட்டிப் போட்டிருந்தது. புயலில் பாறைகள் நகர்ந்து குழாய் சேதமாகியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு சொன்னது. அப்போ, எவ்வளவு பெரிய அலையைக் குழாய் தாங்கணும்? புயலுக்குப் பிறகு சோதிக்காம அதில் சரக்கு ஏற்றலாமா?

'பாதுகாப்பாக இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினா யாராலும் சோதிக்க முடியாது. கசிவு தெரிந்து எத்தனை விநாடியில் வால்வு மூடணும், நள்ளிரவில் எத்தனை நிமிஷத்தில் ஊருக்குச் சைரன் கேட்கணும் என்று எண்ணோடு எழுதினால் சோதிக்கலாம்.

2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, நினைவிருக்கா? கழிவுநீர் உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். உறிஞ்சுவது அதன் வேலைதான். ஆனா கூழாகிப்போன எண்ணெயிடம் திணறியது. கடைசியில் வாளிதான்.

2023 அக்டோபரில் நம்ம செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. அது பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு, எண் பதிவு இல்லாமல், இணையம் இல்லாமல் செய்தி போகும். நல்ல ஏற்பாடு. ஆனா போனை அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டுக்கு அது போகாது, அங்கே சைரனும் வேணும். அடுத்த பகுதி சபா கூட்டத்தில், 'சைரன் இருக்கா' என்பதோடு நிறுத்தாம, கரண்ட் போனாலும் ஒலிக்குமா, கடைசியா எப்போ சோதிச்சீங்க என்றும் கேளுங்க.