சத்தத்துக்காக வாங்கின ஹெட்டர்

போன வாரம் எபிசோடு வரலை. என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ரெண்டு போல்ட்டு. ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டர் தடிமன், என் சுண்டுவிரல் அளவு கூட இல்லை. அந்த ரெண்டும் ஒரு வாரம் என்னை வாசல்லயே உட்கார வெச்சிருச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது சாஃப்ட்வேர். அப்பா நாமக்கல்ல லாரி பட்டறையில முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆனா என்னை ஸ்பேனரைத் தொட விட்டதே இல்லை. "நீ போய் படி கண்ணு"ன்னு துரத்தி விட்டுருவார். அதனால தெர்மோடைனமிக்ஸ்ல நல்ல மார்க், நிஜமான போல்ட்டைக் கழட்டின அனுபவம் சுத்தமா கிடையாது. இதுதான் உங்க மெக்கானிக்கல் இன்ஜினியர்.

இப்ப இருக்கிறது அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட் பக்கம். பனிக்காலம் கடுமையா இருக்கும்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் டிரக் வாங்கினேன். வி8 இன்ஜின். பிராண்டு பேர் வேண்டாம், அது பிரச்சினையும் இல்லை. நான் சொல்லப் போறது பழைய இன்ஜின் எதுல வேணும்னாலும் நடக்கும்.

வி8 வாங்கின எல்லாருக்கும் வர்ற ஆசை எனக்கும் வந்துச்சு. அந்தக் குடுகுடு சத்தம் இன்னும் கொஞ்சம் கனமா வேணும். அதுக்கு வழி, ஹெட்டர் மாட்டுறது.

ஹெட்டர்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். இன்ஜினை விட்டு புகை வெளியே வர்ற முதல் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி போடுறது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. விலை கம்மி, சத்தம் கம்மி, கனம் ஜாஸ்தி. ஒரு பக்கத்துல இருக்கிற நாலு சிலிண்டரோட புகையும் குட்டையான ஒரே குகைக்குள்ள வந்து முட்டிக்கும். ஹெட்டர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி குழாய். நாலும் கொஞ்ச தூரம் தனியா போய், கலெக்டர்ங்கிற இடத்துல சேரும். புகை சீரா வராது, துடிப்பு துடிப்பா வரும். ஒரு துடிப்பு கலெக்டரைத் தாண்டும்போது பின்னாடி அழுத்தம் குறையும். அந்தக் குறைவு சரியான நேரத்துல அடுத்த சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்தா, அங்க மிச்சம் இருக்கிற புகையையும் அது இழுத்துட்டு வந்துடும். பவர் கூடுதுன்னு சொல்றது இதனாலதான்.

அந்தக் குடுகுடு சத்தத்துக்கும் காரணம் இருக்கு. இந்த வகை வி8-ல எட்டு சிலிண்டரும் இடது வலதுன்னு ஒழுங்கா மாறி மாறி வெடிக்காது. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு தடவை ரெண்டு சிலிண்டர் அடுத்தடுத்து வெடிக்கும். தாளம் தப்புற அந்த இடம்தான் நம்ம காதுக்குச் சங்கீதம்.

ஹெட்டர்ல ரெண்டு வகை. லாங் ட்யூப், ஷார்ட்டி. நீளமானதுலதான் சத்தமும் பவரும் அதிகம். எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, பெருமையா படமெல்லாம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பின்னாடி ஓடிட்டிருந்த வண்டியைக் கேட்டிருக்கார்.

"அது கெடக்கட்டும் கண்ணு. அந்த டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது எப்ப இருந்து?"

ஆறு மாசமா இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணா வரும், பத்து நிமிஷத்துல போயிடும். தானா போயிடுதேன்னு நானும் விட்டுட்டேன். சாஃப்ட்வேர் புத்தி. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுற பக்கை யாரும் திறந்து பார்க்கிறதில்லை.

"போல்ட்டு உடைஞ்சிருக்குது. சூடாச்சுன்னா இரும்பு விரிஞ்சு ஓட்டையை அடைச்சுக்கும், அதனால சத்தம் நிக்குது. புகை உள்ளார வருதா பாத்தியா?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கிருச்சு. ஏன்னா என் மனைவிக்கு அப்ப ஏழாவது மாசம். ஒரு மாசமா அவங்க சொல்லிட்டிருந்தாங்க: "இந்த வண்டியில வந்தா மட்டும் தலை வலிக்குது." இந்த நேரத்துல தலைவலி சகஜம்னு நானே டாக்டர் மாதிரி பதில் சொல்லிட்டிருந்தேன்.

அன்னைக்கே சின்னதா ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வாங்கினேன். சின்ன விமானம் ஓட்டுறவங்க காக்பிட்ல வெச்சிக்கிற மாதிரி. மறுநாள் காலையில வண்டியை வெளியே நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். 0 காட்ட வேண்டிய இடத்துல 24 காட்டுச்சு. உடனே ஆஃப் பண்ணிட்டு இறங்கிட்டேன்.

பத்து லட்சத்துல 24 பங்கு. அந்த நிமிஷமே மயக்கம் போட வைக்கிற அளவு இல்லை. ஆனா கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். வயித்துல இருக்கிற குழந்தைக்கு இன்னும் ஆபத்து. வழக்கமா புகை கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தாண்டித்தான் வெளியே வரும். இந்த விஷத்துல பெரும்பகுதியை அது அங்கேயே மாத்திடும். ஆனா என் வண்டியில கசிவு அதுக்கு முன்னாடியே. வடிகட்டாத புகை இன்ஜின் பின்பக்கம் கசிஞ்சு, ஹீட்டர் காத்தை இழுக்கிற இடத்து வழியா எங்க மூக்குக்கு வந்திருக்கு.

டாக்டர்கிட்ட உடனே போனோம். பரிசோதனை பண்ணாங்க, தாயும் குழந்தையும் நல்லா இருக்காங்க. முதல்லயே சொல்லிடறேன், கதை முழுக்க நீங்க பதறிட்டே கேக்க வேண்டாம்.

லாங் ட்யூப் ஆசை அன்னைக்கே போயிடுச்சு. நீளமான குழாய்க்கு இடம் வேணும்னா பெரும்பாலும் கன்வர்ட்டரை நகர்த்தணும், இல்ல கழட்டணும். அதைக் கழட்டுறது அமெரிக்காவுல மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். மிச்சிகன்ல வருஷா வருஷம் புகைப் பரிசோதனை இல்லைங்கிறதுக்காக அது சரியாகிடாது. போதாததுக்கு ஃபோர் வீல் டிரைவ்ல முன் சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷியல் எல்லாம் குழாய் போக வேண்டிய அதே இடத்துலதான் இருக்கும். அதனால ஷார்ட்டி வாங்கினேன். பழைய மேனிஃபோல்டு இருந்த இடத்துலயே உட்காரும், கன்வர்ட்டரைத் தொடவே வேண்டாம்.

சரி, போல்ட்டு ஏன் உடையுது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூடாக்கினா அலுமினியம்தான் ரெண்டு மடங்கு விரியும். ஆனா ஒரே அளவு சூடாகிறதில்லை. ஹெட்டைத் தண்ணி குளிர வைக்குது, அதோட வெப்பம் ஒரு 80 டிகிரி ஏறும். மேனிஃபோல்டு 500 டிகிரி ஏறும்னு வெச்சுக்கோங்க. முதல் போல்ட்டுக்கும் கடைசி போல்ட்டுக்கும் நடுவுல 45 சென்டிமீட்டர். கணக்குப் போட்டா இரும்பு கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 0.8 தான். வித்தியாசம் 1.7. நடுவுல இருக்கிற போல்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு முனையிலயும் ஆளுக்கு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல இழுபடும். தினம் ரெண்டு தடவை, பதினஞ்சு வருஷம். நழுவட்டும்னுதான் முனையில ஓட்டையைப் பெருசா வெச்சிருப்பாங்க. துரு பிடிச்சா நழுவாது. இந்த ஊர்ல துருவுக்குப் பஞ்சமும் இல்லை. பனி உருக ரோடெல்லாம் உப்பு கொட்டுவாங்க. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கு.

வேலையை ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமை ஆரம்பிச்சேன். மூணு நாள் முன்னாடி இருந்தே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்குற எண்ணெய் அடிச்சிட்டு வந்தேன். பேட்டரியைக் கழட்டினேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு வண்டிக்கு அடியிலயும் போகாதீங்க. முன் சக்கரத்தையும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தா, சக்கரம் இருந்த இடம் வழியா மேனிஃபோல்டு நல்லாத் தெரியும். ஸ்பார்க் பிளக் ஒயரையும் பிளக்கையும் கழட்டிட்டா கை நுழைய இடம் கிடைக்கும்.

மொத்தம் 12 போல்ட்டு, பக்கத்துக்கு 6. இடது பக்கம் கடைசி போல்ட்டுக்குத் தலையே இல்லை. அப்பா சொன்னது சரி. மத்ததை மெதுவா, கொஞ்சம் கழட்டி, கொஞ்சம் முறுக்கி, எண்ணெய் விட்டு எடுத்தேன். பத்து வந்துடுச்சு. வலது பக்கம் கடைசி, அதாவது பன்னிரண்டாவது, திடீர்னு கைக்கு லேசா ஆச்சு. ஆஹா கழண்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். தலை மட்டும் கையோட வந்திருந்துச்சு. இரும்பு உடையுறதுக்கு முன்னாடி அப்படித்தான் லேசாகும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மேனிஃபோல்டை எடுத்துப் பார்த்தா, இடது பக்கம் ஒரு துண்டு வெளியே நீட்டிட்டிருக்கு. வலது பக்கம் உடைஞ்சது உள்ளே, ஹெட்டோட மட்டத்துக்கும் கீழே. ராத்திரி ஒன்பது மணி. கையில ட்ரில் மெஷின். திங்கட்கிழமை ஆபீஸ் போகணும், இருக்கிறது ஒரே வண்டி. ட்ரில்லை ஆன் பண்ணிட்டேன். அப்புறம் என்னமோ தோணி அப்பாவைக் கூப்பிட்டேன். அங்க ஞாயித்துக்கிழமை காலை.

"ட்ரில்லு போடாத கண்ணு. போல்ட்டு கெட்டி, அலுமினியம் மெதுவு. ட்ரில்லு கெட்டியை விட்டுட்டு மெதுவுக்குத்தான் சறுக்கிட்டுப் போவும். மரை போச்சுன்னா ஹெட்டே போச்சு. வெல்டிங் ஆளைக் கூப்புடு. ராத்திரில உடைஞ்ச போல்ட்டோட மல்லுக்கு நிக்காத. கையைக் கழுவிட்டு, சோறு தின்னுட்டுப் படு."

நான் கேட்டேன்: "ஏங்ப்பா, இதெல்லாம் அப்பவே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சொல்லிக் குடுத்திருந்தா நீ இங்கயே இருந்திருப்ப"ன்னார். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியலை.

ட்ரில்லை உள்ளே வெச்சுட்டேன். திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லி ஒரு வாரம் வீட்டுல இருந்து வேலை வாங்கிக்கிட்டேன். புதன்கிழமை வீட்டுக்கே வந்து வேலை பார்க்கிற ஒரு வெல்டர் வந்தார். நீட்டிட்டிருந்த துண்டு மேல ஒரு நட்டை வெச்சு, நடுவுல வெல்ட் பண்ணி, சூடு கொஞ்சம் தணிஞ்சதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். வந்துடுச்சு. உள்ளே இருந்ததுக்கு, துண்டு மேலயே சொட்டுச் சொட்டா வெல்டை ஏத்தி, அது வெளியே வந்ததும் நட்டு வெச்சார். இரும்பு வெல்டு அலுமினியத்துல ஒட்டாதுங்கிறதாலதான் இந்த வேலையே சாத்தியம். ஆறு தடவை நட்டு பிச்சுக்கிட்டு வந்துச்சு. ஏழாவது தடவை துண்டு திரும்புச்சு. மரையில ஒரு கீறல் இல்லை.

மாட்டுறது அரை நாள் வேலைதான். ஹெட் முகத்தைச் சுத்தமா துடைச்சு, மரைக்குள்ள டேப் விட்டு அழுக்கை எடுத்து, புது கேஸ்கெட், புது போல்ட்டு. எல்லாத்தையும் முதல்ல கையாலயே ஏத்திட்டு, நடுவுல இருந்து முனைக்கு முறுக்கணும். மேனுவல்படி முதல் சுத்து 15 நியூட்டன் மீட்டர், ரெண்டாவது 25. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமேன்னு கை துடிக்கும், கூடாது. ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, தண்டு குழாயில உரசுதான்னு பாருங்க. ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜினே கொஞ்சம் சாயும், அதுக்கும் இடைவெளி வேணும். பிளக் ஒயர் குழாயைத் தொட்டா உருகிடும், வெப்பம் தாங்குற உறை போடுங்க. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது குழாய் மேல இருக்கிற எண்ணெய் எரிஞ்சு புகை வரும். திறந்த வெளியில பண்ணுங்க. நாலஞ்சு தடவை சூடாகி ஆறினப்புறம், குளிர்ந்த நிலையில திரும்ப ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வெச்சுப் பார்க்கணும்.

எவ்வளவு பவர் கூடுச்சு? டைனோவுல ஏத்தலை, அதனால நம்பர் சொல்ல மாட்டேன். ஷார்ட்டியில பெருசா எதிர்பார்க்காதீங்க. சத்தம்? பழைய சைலன்சர் அப்படியே இருக்கிறதால லேசான வித்தியாசம்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவே இல்லை.

அடுத்த நாள் காலை, குளிர்ந்த இன்ஜின். ஸ்டார்ட் பண்ணேன். டிக்கு டிக்கு இல்லை. கண்ணாடியை ஏத்தி, ஹீட்டரைப் போட்டு, இருபது நிமிஷம் மீட்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். 0. படம் எடுத்து மனைவிக்கும் அப்பாவுக்கும் அனுப்பினேன். மனைவி வெளியே வந்து, ஒண்ணும் சொல்லாம முன் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. அப்பாகிட்ட இருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்துச்சு.

நீங்க சென்னையில இருக்கலாம், கோயம்புத்தூர்ல இருக்கலாம், உங்ககிட்ட வி8 இல்லாம பழைய டீசல் ஜீப் இருக்கலாம். காலையில வந்து பத்து நிமிஷத்துல தானா போயிடுற சத்தம் ஏதாவது இருந்தா, அதைத் திறந்து பாருங்க. கூட வர்றவங்க தலை வலிக்குதுன்னா, முதல்ல கண்ணாடியை இறக்குங்க, வண்டியை நிறுத்துங்க, அப்புறம் பதில் சொல்லுங்க.

அடுத்த வாரம் எபிசோடு கண்டிப்பா வரும். போல்ட்டு எதுவும் பாக்கி இல்லை.