மண்ணறிவைத் தமிழே காக்கும்

(உழவர் பயிலரங்கு ஒன்றின் தொடக்கத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



களர் என்பது ஒன்று. உவர் என்பது வேறொன்று. ஊரிலுள்ள முதிய உழவர் இவ்விரண்டையும் கண்ணால் கண்டும் காலால் மிதித்தும் நாவால் சுவைத்தும் பிரித்தறிவர். உவர் நிலத்தில் உப்பு வெண்ணிறமாய்ப் பூக்கும். நன்னீர் தேக்கி வடித்தால் அவ்வுப்புக் கரைந்து வெளியேறும். களர் நிலமோ நனைந்தால் சேறாய் ஒட்டும். காய்ந்தால் கல்லாய் இறுகும். நீரை உள்ளே விடாது. அதற்குச் சிப்சம் என வழங்கும் சுண்ணக் கனிமத்தை இட்டு நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். உவருக்குரிய மருந்தைக் களருக்குச் செய்தால் நீரும் கெடும், உழைப்பும் கெடும், கடனே மிஞ்சும்.

கல்லாதவரை வள்ளுவர் களர்நிலத்திற்கு ஒப்பிட்டார் என்றால், அச்சொல் அன்றே எத்துணைத் தெளிவான பொருளோடு வழங்கியிருக்க வேண்டும்! இன்றோ, களரையும் உவரையும் ஒன்றாக்கிச் 'சால்ட் மண்' என்று சொல்லும் ஒரு தலைமுறை வந்துவிட்டது. இரண்டு சொற்கள் ஒன்றானதும் இரண்டு மருத்துவங்களும் ஒன்றாயின. சொல் செத்த இடத்தில் அறிவும் சாகிறது. அறிவு செத்த இடத்தில் மண்ணும் சாகிறது. மொழிக் காப்பு வேறு, மண் காப்பு வேறு என்று எண்ணுவோர் இந்த ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்.

அயலார் தந்த சான்று

தமிழுழவன் ஏதும் அறியாதவன், அவனுக்கு மேலிருந்து எவரேனும் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் ஆங்கிலேயர் ஆட்சியில் ஊன்றப்பட்டது. ஆயினும் அவ்வாட்சி அனுப்பிய அறிஞர்களே அதை மறுத்தனர். 1889ஆம் ஆண்டு இந்திய வேளாண்மையைத் திருத்த வழிகாணுமாறு அனுப்பப்பட்ட சான் அகசுடசு வோயல்க்கர், நாடு முழுதும் சுற்றி 1893இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்நாட்டு உழவர் பிரித்தானிய உழவர்க்கு இளைத்தவரல்லர்; சிலவற்றில் மேம்பட்டவர் என்பது அவர் கண்ட முடிபு. அவர் கண்ட குறை ஒன்று உண்டு: விறகு கிடைக்காமையால் சாணியை எருவாக்காது எரிபொருளாக்கினர் என்பதே அது. குறை உழவனின் அறிவிலன்று, விறகுக்கும் வழியில்லாத அவன் வாழ்நிலையில் இருந்தது.

அவருக்குப் பின் வந்த ஆல்பர்ட்டு ஓவார்டு, 1924 முதல் 1931 வரை இந்தூர் ஆய்வு நிலையத்தில் இருந்து மட்குரம் செய்யும் முறையை வகுத்தார். அம்முறை இன்று உலகெங்கும் 'இந்தூர் முறை' எனப் பாராட்டப்படுகிறது. அவரோ உழவரையும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாக ஒளிவின்றிக் கூறினார். இந்நாட்டு உழவர் கற்பித்த பாடம் ஆங்கில நூலாகி, மீண்டும் இந்நாட்டுக்கே அயலறிவாய் வந்தது! தன் வீட்டுப் பொருளையே விலைகொடுத்து வாங்கும் இழிநிலை இதனினும் வேறுண்டோ?

எருக்குழியும் எண்ணும்

குப்பையைக் குவித்து வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பது எருவாகாது. அதன் தழையூட்டம் பாதி காற்றோடு போகும். மீதி மழையோடு போகும். மாடு கழிக்கும் தழையூட்டத்தில் ஏறத்தாழப் பாதி அதன் சிறுநீரில் உள்ளது. தொழுவத்தில் வைக்கோலோ சருகோ பரப்பி அச்சிறுநீரை உறிஞ்சச் செய்யாதவர் எருவில் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டவர் ஆவர்.

மட்குரம் செய்வோர் காய்ந்தது, பசியது இரண்டையும் அடுக்கு அடுக்காக இடவேண்டும். வைக்கோல், சருகு, சோளத்தட்டை ஆகியவை கரிமம் மிக்கவை. புல், களை, எருக்கு, ஆவாரை, புங்கந்தழை ஆகியவை தழையூட்டம் மிக்கவை. தழையூட்டம் ஒரு பங்குக்குக் கரிமம் ஏறத்தாழ முப்பது பங்கு என்பது நுண்ணுயிர்கள் விரும்பும் அளவு. கரிமம் மிகுந்தால் குவியல் மட்காமல் கிடக்கும்; தழையூட்டம் மிகுந்தால் நாறும். ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணிக் கரைசலைத் தெளித்து, பழைய எருவைச் சிறிது தூவவேண்டும். குவியல் நான்கைந்தடி அகலமும் நான்கடி உயரமும் இருப்பின் உள்ளே வெப்பம் 55 முதல் 65 பாகை வரை ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழியும். இருவாரத்திற்கு ஒருமுறை புரட்டிவிடல் வேண்டும். ஈரம் சரியா என்று அறியக் கருவி வேண்டா. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்கவேண்டும், நீர் ஒழுகக் கூடாது. மூன்று நான்கு மாதங்களில் மழைபெய்த காட்டு மண்ணின் மணம் வரும். அதுவே எரு.

இனி ஒரு கணக்கு. ஓர் ஏக்கரின் மேலுள்ள அரையடி மண் ஏறத்தாழ 900 டன் எடையுள்ளது. மண்ணாய்வு நிலையங்கள் கரிமம் 0.5 விழுக்காட்டிற்குக் கீழிருந்தால் குறைவு என்றும், 0.75 விழுக்காட்டிற்கு மேலிருந்தால் மிகுதி என்றும் வகுக்கின்றன. அதை 0.1 விழுக்காடு உயர்த்துவதற்கே ஏறத்தாழ 900 கிலோ கரிமம் மண்ணில் நிலைத்து நிற்கவேண்டும். இட்ட எருவிலுள்ள கரிமத்தில் பெரும்பகுதி நுண்ணுயிர்க்கு உணவாகிக் காற்றில் கலந்துவிடும். ஆகவே ஓராண்டில் மண் மீளும் என்று சொல்பவர் உழவரை ஏய்ப்பவர். எருவும், தழையுரப் பயிரும், கூலமும் பருப்பும் எண்ணெய்வித்தும் கலந்து விதைத்து மடக்கி உழும் பல்கூல விதைப்பும், ஆட்டுக்கிடையும், குளத்து வண்டலும் ஆண்டுதோறும் சேர்ந்தால்தான் மண் மெல்ல மெல்ல உயிர்பெறும். உழவினும் எருவிடல் நன்று என்று திருக்குறளின் உழவு அதிகாரம் சொல்வது இதனையே.

நம்மாழ்வார் நடந்த வழி

இவ்வுண்மையைத் தமிழில் ஊர்தோறும் எடுத்துச் சென்றவர் கோ. நம்மாழ்வார். 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963இல் கோவிற்பட்டி ஆய்வுப் பண்ணையில் பணியேற்றார். வானம் பார்த்த நிலத்து ஏழை உழவருக்கு விலைமிக்க வித்தும் உரமும் பற்றிய ஆய்வுகள் உதவா என்று கண்டு 1969இல் அப்பணியைத் துறந்தார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் நாகை மாவட்டத்து வயல்கள் உப்பேறிக் கிடந்தபோது, தழையுரப் பயிர்களைக் கொண்டு அவற்றை மீட்கும் பணியில் நின்றார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் வானகம் என்னும் பண்ணையை அமைத்து இளைஞர்க்குப் பயிற்சி தந்தார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊரூராய்ச் சென்றுகொண்டிருந்த வேளையில் 2013 திசம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

அவர் பயிற்சியின் வலிமை எதில் இருந்தது? அவர் உழவரின் சொல்லால் உழவரோடு பேசினார். முதியவரைக் கேட்டார், பிறகே சொன்னார். அவருடைய அன்பர் நெல் செயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2018இல் மறையும் முன் 174 மரபு நெல்வகைகளை மீட்டெடுத்தார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என ஒவ்வொரு பெயரும் ஒரு வித்தை மட்டும் குறிப்பதன்று. பருவம், உயரம், நிறம், பயன் ஆகியவற்றைப் பொதிந்து வைத்த கருவூலம் அது.

இன்றோ பயிற்சி என்ற பெயரில் வடசொல்லும் ஆங்கிலமும் கலந்த கலவை உழவர்மேல் கொட்டப்படுகிறது. 'பஞ்சகவ்யம்' என்றால்தான் மதிப்பாம். தேவாரத்தில் ஆளப்பெற்ற ஆனைந்து என்னும் சொல் மறந்து போயிற்று. 2023இல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட கொள்கைக்கு 'அங்கக வேளாண்மை' என்று பெயர். உயிர்ம வேளாண்மை என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருக்க, அங்ககம் எதற்கு? பொருள் விளங்காத சொல்லின் முன் உழவர் வாய்மூடி நிற்பார். விளங்கும் சொல்லின் முன் வினா எழுப்புவார். வினா எழாத இடம் பயிலரங்கு ஆகாது.

ஆணையால் ஆகாது

இங்கு ஈழம் தரும் பாடத்தையும் மறத்தலாகாது. 2021 மே மாதம் இலங்கை அரசு வேதியுர இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தது. உழவருக்குப் பயிற்சியில்லை, ஈடான எரு இல்லை, மாற்றத்திற்குக் காலமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது; தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசிக்குக் கையேந்தியது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது. சிங்கள உழவரோடு வடக்கிலும் கிழக்கிலும் தமிழுழவரும் அவ்விடரைச் சுமந்தனர். இயற்கை வேளாண்மை தோற்றது என்று வணிகர் கூறுவர், அது பொய். தோற்றது கற்பிக்காமல் கட்டளையிட்ட ஆட்சி. எருவில்லாத நிலத்தில் உரத்தை நிறுத்துவது, சோறிடாமல் மருந்தை நிறுத்துவதை ஒக்கும். ஆகவே, முதலாண்டில் கால் ஏக்கர் மட்டும் மாற்றுக, அதில் கண்டதை எழுதி வைக்க, பிறகு விரிக்க. இதுவே பயிலரங்கின் நெறி.

மண் எவர்க்கு உரியது?

நிலம் காக்கும் பொறுப்பு நிலவுடைமையாளர்க்கு மட்டும் உரியதன்று. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரிவாரியத்தை ஆண்டுதோறும் குடவோலையால் அமைத்ததைக் கூறுகிறது. போற்றத்தக்க ஏற்பாடே. ஆயின் அது பார்ப்பன ஊரின் அவை என்பதும், நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம் என்பதும், ஏரியில் மண் சுமந்தவர்க்குக் குடவோலையில் பெயரில்லை என்பதும் மறைக்கத் தக்கவை அல்ல. அக்குறையை இன்றைய பயிலரங்குகள் தொடரலாகாது. எருவைத் தலையில் சுமந்தவர், வித்தைக் குதிருக்குள் காத்த பெண்டிர், கிடை மறிக்கும் கீதாரி ஆகியோர் முன்வரிசையில் அமரவேண்டும், அவர்கள் பேசவேண்டும், படித்தவர் குறிப்பெடுக்க வேண்டும்.

ஆகவே, தமிழ் உணர்வாளர் செய்ய வேண்டிய பணி மூன்று. ஊர்தோறும் ஒரு பொது எருக்குழி அமைத்தல் ஒன்று. கோடையில் குளத்து வண்டலை ஊர்கூடி எடுத்து, நிலமற்றார் உழும் குத்தகை நிலத்திற்கும் பங்கிடல் இரண்டு. அவ்வூர் முதியோர் வாயில் உள்ள மண், எரு, களை, வித்து ஆகியவற்றின் பெயர்களைப் பொருளோடும் பயனோடும் ஒரு சுவடியில் எழுதி, ஊர்ப் பள்ளியில் வைத்தல் மூன்று. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மண்வெட்டியும் எழுதுகோலும் போதும்.

மேடையில் தமிழ் வாழ்க என முழங்குவோர் பலர். களருக்கும் உவருக்கும் வேறுபாடு சொல்லும் ஒரு முதியவர் மறையும் முன், அவர் அறிவைப் பெற்று ஓர் இளைஞர் தம் வயலில் ஏர் பூட்டினால், அவ்வயலில் தமிழ் வாழும். குழி வெட்டும் வேலை இன்றே தொடங்கட்டும்!

வெல்க தமிழ்! வாழ்க உழவு!